மங்கையின் இடது கை

மங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாலு எழுத்து தெரியும். கா, ம, ரா, ஜ். நாலும் அவளுடைய இடது முன்கையின் உள்பக்கத்தில் பச்சையாக வரிசைகட்டி நின்றன. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மேல்மலையனூர் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் ஒரு குறத்தியிடம் கையை நீட்டிக் குத்திக்கொண்டது. குறத்திக்கும் எழுத்து தெரியாது. கூட்டத்தில் போன ஒரு வாத்தியாரை மறித்து மண்ணில் எழுதிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்துக் குத்தினாள். கை வீங்கிக் கிடந்தது. பிள்ளை பேருக்காகத்தானே என்று மங்கை அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, காலனிக்குப் பின்னால் இருந்த ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்து, செட்டிக்குளத்தில் முழுகி ஞானஸ்நானம் எடுத்து, எண்பத்து மூன்றாம் வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு இருந்த பிள்ளை அவன் ஒருத்தன்தான். சாவதற்கு முன்னால், கண்ணெல்லாம் மஞ்சளாகப் பாயில் கிடந்தபடி, "நான் போற எடத்துக்கு நீயும் வந்துடும்மா. இயேசுவ நம்பு. நம்பினா போதும்" என்றான்.

மங்கை நம்பிவிட்டாள். அதற்கு அவள் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் வராத விஷயம், அவளுக்குப் பாயோரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே வந்துவிட்டது. மகன் ஓர் இடத்தில் இருக்கப்போகிறான், அவனை ஒருவர் பார்த்துக்கொள்வார், அவர் நல்லவர். அவ்வளவுதான் அவளுடைய மதம். கூலிக்கு மல்லாட்டைக் கடலை உடைக்கப் போகிற இடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுவாள். "வெயில பாத்தியா சாமி, ஆளக் கொல்லுது" என்பாள். "அவன் ஒழுங்கா சாப்புடறானா? கத்திரிக்கா போட்டா தொடவே மாட்டான், நீதான் பாத்துக்கணும்" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

அவளை அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? ஜெபவீட்டுப் பாஸ்டர் எசேக்கியேல் விடவில்லை.

எசேக்கியேல் நல்ல மனுஷர் என்று சொல்கிறவர்கள் செஞ்சியில் உண்டு. குடிக்கமாட்டார், பொய் சொல்லமாட்டார், அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படமாட்டார். இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார்: "நியாயப்பிரமாணம் யூதருக்கு! நமக்கு விசுவாசம்! விசுவாசம் மட்டும் போதும்!" எல்லாரும் அல்லேலூயா என்று கத்துவார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் போய் நின்றுகொண்டு, யார் தலையில் பூ இருக்கிறது, யார் காதில் தோடு மினுக்குகிறது என்று ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார்.

மகன் செத்த துக்கம் ஆறாமல் ஜெபவீட்டுக்குப் போய் மூலையில் உட்கார ஆரம்பித்த மங்கையிடம், "முழுக்கு எடுக்காதவங்க பரலோகத்துல நுழைய முடியாது சகோதரி" என்றார் ஒருநாள். மகன் உள்ளே, தான் வெளியே என்றா?

"எடுத்துக்கறேன் ஐயா. எப்ப முழுவணும்?"

"அவசரப்படாத. மொதல்ல உன்ன சுத்தம் பண்ணணும்."

சுத்தம் பண்ணுகிற வேலை தொடங்கியது. முதலில் பொட்டு போயிற்று. பிறகு மூக்குத்தி, மெட்டி. ஆடி மாசக் கூழுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. சினிமா டென்ட் கொட்டாய்ப் பக்கம் தலைவைக்கக் கூடாது. மங்கை ஒவ்வொன்றாக விட்டாள். கடைசியில் தாலியைக் கழற்றச் சொன்னார். அதையும் கழற்றினாள். அன்றைக்கு மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்த வீராசாமி, பெண்டாட்டியின் கழுத்தைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாடி, நான் செத்துட்டனா?"

"நக எதுவும் கூடாதாம்."

"அது நகயா? குந்துமணி அளவு தங்கம். அத போட்டுனு போனா உங்க சாமிக்கு கண்ணு கூசிடுமா?"

அவன் அன்று சாப்பிடவில்லை. மங்கைக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வீராசாமியை நாளைக்கும் பார்க்கலாம், நாளை மறுநாளும் பார்க்கலாம். பிள்ளையைப் பார்க்க அவளுக்கு இந்த ஒரு வழிதான் இருந்தது.

மழைக்குக் குளம் நிரம்பியதும் முழுக்கு என்று பாஸ்டர் தேதி சொல்லிவிட்டார். அப்போதுதான் செல்லம்மாள் வாயைத் திறந்தாள். செல்லம்மாள் மங்கையோடு மல்லாட்டை உடைக்கிறவள், ஜெபவீட்டில் முதல் வரிசைக்காரி. தோழிக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் சொன்னாள்.

"ஐயா, மங்க கையில பச்ச இருக்குதுங்க. மலையனூர் திருவிழாவுல குத்தனது."

பாஸ்டர் மங்கையின் கையைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது ஆவாது."

"எம் புள்ள பேருங்க ஐயா."

"யாரு பேரா இருந்தா இன்னா? ஒடம்புல எழுத்து குத்திக்கக் கூடாதுன்னு கர்த்தர் மோசேகிட்ட சட்டம் குடுத்துருக்காரு. அதுவும் பேய்க்கோயில்ல போய் குத்தியிருக்க."

"மோசே சட்டம் நமக்கில்லன்னு நீங்கதான ஐயா சொன்னீங்க?"

எதிர்த்துப் பேசுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். பாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி தன் பிரசங்கத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் யாரும் கேட்டதில்லை.

"நம்பறவங்க கீழ்ப்படிவாங்க. நீ கீழ்ப்படியலன்னா, நீ நம்பலன்னு அர்த்தம்."

"சிலுவையில பக்கத்துல தொங்கனானே கள்ளன், அவன் நம்பனான், நேரா பரலோகம் போய்ட்டான்னு சொன்னீங்களே. அவன் இதெல்லாம் செஞ்சானுங்களா?"

"கள்ளனுக்கு டைம் இல்ல. உனக்கு இருக்குது. போய் அழிச்சிட்டு வா."

மங்கை அழிக்கப் பார்த்தாள். செங்கல் தூள் வைத்துத் தேய்த்தாள், சுண்ணாம்பு தடவினாள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாள். தோல்தான் புண்ணாயிற்று. குறத்தி குத்திய பச்சை லேசில் போகுமா? காந்தி பஜாரில் ஜான் பாஷாவின் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சேங்கொட்டை கேட்டாள். வண்ணார்கள் துணிக்குக் குறி போடுகிற கொட்டை அது. அதன் எண்ணெய் பட்டால் துணியில் விழுந்த கறை என்றைக்கும் போகாது, தோலில் பட்டால் தோல் நிற்காது.

"நீ இன்னாத்துக்கும்மா சேங்கொட்ட வாங்கற?" என்றார் ஜான் பாஷா.

"துணிக்குக் குறி போடத்தான் பாய்."

"பாத்து. கையில கிய்யில பட்டா வெந்துடும். தோலு உரிஞ்சி வந்துடும்."

அவர் பயமுறுத்தத்தான் சொன்னார். மங்கைக்கு அது நல்ல சேதியாகப் பட்டது.

மத்தியானம், வீராசாமி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டையை நெருப்பில் காட்டி ஊசியால் குத்தினதும் கருப்பாக எண்ணெய் கசிந்தது. துடைப்பக் குச்சி ஒன்றை முறித்து அதில் தொட்டு, பச்சையின்மேல் வைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. மொத்தமாகப் பூசியிருக்கவேண்டும். அவளுக்கு உலகத்தில் தெரிந்ததே அந்த நாலு எழுத்து. பத்தொன்பது வருஷமாக விரலால் தடவித் தடவிப் பழகிய வளைவுகள். குச்சி தானாகவே அந்த வளைவுகளில் போயிற்று. ஜ்-இல் தொடங்கி, கோடு பிசகாமல், சுழி பிசகாமல் எழுதிக்கொண்டே வந்தாள். எரிச்சலில் கண் இருட்டியது. கடைசியில் கா மட்டும் மிச்சம் இருந்தது. "இது யாருக்காகன்னு உனக்குத் தெரியும்ல சாமி" என்று கேட்டுவிட்டு அதன்மேலும் தடவினாள்.

கை கொப்பளித்தது. கொப்புளம் உடைந்து, பொருக்கு கட்டி, பொருக்கு உதிர்ந்தது. பச்சை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் தோல் தடித்து, சிவப்பாக, எழுத்து எழுத்தாக எழும்பி நின்றது. கா, ம, ரா, ஜ். முன்பு கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

பாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு வேதத்தை எடுத்துப் புரட்டினார். அவருக்குப் பிடித்த வேலை அது.

"முன்ன விட நல்லா தெரியுது. அது மட்டுமில்ல. செத்தவனுக்காக ஒடம்ப கிழிச்சிக்கக் கூடாதுன்னும் அதே எடத்துல சட்டம் இருக்குது. முன்ன ஒரு பாவம். இப்ப ரெண்டு."

"நீங்கதான ஐயா அழிச்சிட்டு வரச் சொன்னீங்க?"

"அழிக்கச் சொன்னேன். கிழிச்சிக்கச் சொன்னனா?"

செல்லம்மாள் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினாள். அந்த மழைக்கு நிரம்பிய குளத்தில் வேறு நாலு பேர் முழுகினார்கள். மங்கை கரையில் நின்று ஈரத்துணிகளை வாங்கி வாங்கிப் பிழிந்து கொடுத்தாள். குளிரில் நடுங்குகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இவர்கள் யாருக்கும் அந்தப் பக்கத்தில் பிள்ளை இல்லை. இவர்கள் போய் அங்கே யாரைப் பார்க்கப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருந்த சேங்கொட்டை எல்லாவற்றையும் நெருப்பில் காட்டி எண்ணெய் எடுத்து, இந்தத் தடவை எழுத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பூசினாள். ஆறாத தோல்மேல் அது என்ன செய்யும் என்று எந்த வண்ணாத்தியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். மங்கை கேட்கவில்லை.

அவள் ரத்தத்தில் சர்க்கரை இருந்ததும் யாருக்கும் தெரியாது. கை வீங்கியது, நீர் வடிந்தது, பிறகு கறுக்கத் தொடங்கியது. பாஸ்டர் பார்த்தால் மூன்றாவது பாவம் என்பாரோ என்று பயந்து முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். காய்ச்சலோடு மல்லாட்டை உடைக்கப் போனாள். வலது கையால் மட்டும் உடைத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி, ஆறிடும், வந்துடறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வீராசாமிதான் நாற்றம் தாங்காமல் முந்தானையை விலக்கினான். பார்த்த மாத்திரத்தில் அந்த மூட்டை தூக்குகிறவன் குழந்தை மாதிரி அலறினான். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆள் இருந்திருக்கமாட்டாள்.

மயக்கம் தெளிந்ததும் மங்கை பழக்கத்தில் வலது கை விரலை இடது பக்கம் கொண்டுபோனாள். மெத்தைதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடினாள். வீராசாமி அவள் விரலைப் பிடித்து நிறுத்தினான்.

"அந்தக் கைய எங்க வெச்சிருக்காங்கோ?" என்றாள்.

"தெரியல."

"கேளு. பொதச்ச எடத்தையாவது கேட்டுனு வா."

அவன் போய்க் கேட்டான். சரியாகப் பதில் சொல்வாரில்லை. திரும்பி வந்து, "நல்லபடியா பொதச்சிட்டாங்களாம்" என்று பொய் சொன்னான். அவன் அவளுக்குச் சொன்ன பொய்களிலேயே நல்ல பொய் அதுதான்.

மறுவாரம் பாஸ்டரும் செல்லம்மாளும் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வீராசாமி எழுந்து வெளியே போய்விட்டான். பாஸ்டர் கட்டுப்போட்ட அரைக் கையைப் பார்த்தார். அவர் வருத்தப்படுவார் என்று மங்கை நினைத்தாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவர் மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று சங்கடப்பட்டு, "பரவால்ல ஐயா" என்று சொல்லக்கூட வாயெடுத்தாள். ஆனால் பாஸ்டரின் முகத்தில் சந்தோஷம் பொங்கியது.

"பாத்தியா மங்க! கை இடறலா இருந்தா வெட்டிப் போடுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. ஒரு கையோட உள்ள போறது மேல். உன்னால அழிக்க முடியல. அவரே எறங்கி வந்து அறுத்துட்டாரு. இனிமே தடையே இல்ல!"

"ஸ்தோத்திரம்" என்றாள் செல்லம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் சொன்னதில் அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் போய்ச் சேர்ந்தது. கையை அறுத்தது அவர். வெயிலைப் பற்றியும் கத்திரிக்காயைப் பற்றியும் அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாளோ, அவர். பிள்ளையின் பேர் கண்ணுக்கு ஆகவில்லை என்று, பெற்றவளின் கையையே அறுத்து எறிகிற ஆள். இப்படிப்பட்டவனிடமா என் பிள்ளையை விட்டுவைத்திருக்கிறேன்?

அதற்குப் பிறகு அவள் சாமியிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை. பேச்சுத்துணைக்கு இருந்த ஒருத்தர் செத்துப்போன வீடு மாதிரி இருந்தது மனசு. கூட மல்லாட்டை உடைத்த பெண்கள், மங்கை இப்போதெல்லாம் தனக்குத்தானே பேசுவதில்லை, புத்தி தெளிந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பாஸ்டர் மறுபடியும் தேதி குறித்தார். "போவாதடி" என்றான் வீராசாமி. "கைய எடுத்தாச்சி. இன்னும் இன்னா குடுக்கப் போற?"

"போறேன்" என்றாள். "அவன் அங்க தனியா இருக்கான்."

முன்பு அவள் மகனிடம் போக ஆசைப்பட்டாள். இப்போது மகனைக் காப்பாற்றப் போக நினைத்தாள். அதற்கும் அந்தத் தண்ணீரில்தான் முழுகவேண்டும் என்றால் முழுகிவிட்டுப் போகிறது.

செட்டிக்குளத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். மங்கையின் கதை செஞ்சி தாண்டிப் பரவியிருந்தது. ஆண்டவரே கையை எடுத்துச் சுத்தம் பண்ணிய பெண்ணைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்துகூட விசுவாசிகள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கோட்டை பார்க்க ராஜகிரி மலைமேல் ஏறிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைப் புடவையில் மங்கையைத் தண்ணீருக்குள் அழைத்துப் போனார்கள். ஒரு பக்கம் பாஸ்டர், இன்னொரு பக்கம் செல்லம்மாள். இடுப்பளவு ஆழம் வந்ததும் பாஸ்டர் வழக்கப்படி, "கை ரெண்டையும் நெஞ்சுமேல வெச்சிக்கோ" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மங்கை இருந்த கையை வைத்துக்கொண்டாள்.

முழுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அது முறை. பொட்டு, மூக்குத்தி, தாலி, பச்சை என்று இத்தனை மாசம் எவ்வளவோ கேட்டவர், இதை மட்டும் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கரையிலிருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி ராகமாகக் கேட்டார்.

"மங்கை, நீ இயேசு கிறிஸ்துவை உன் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறாயா?"

மங்கை அந்தத் தண்ணீருக்குத்தான் வந்திருந்தாள். ஒரு வார்த்தை, ஆமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியாது.

"இல்லீங்க ஐயா" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது. செல்லம்மாள் திடுக்கிட்டுப் பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் கரையைப் பார்த்தார். கரையில் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு, பாடுவதற்கு வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

"முன்ன இருந்துச்சி ஐயா" என்றாள் மங்கை. "இப்ப இல்ல. அவன்கிட்ட போவணும், அதுக்குத்தான்..."

"தண்ணிக்குள்ள வந்து நின்னுனு இன்னா பேச்சி இது" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார் பாஸ்டர். பிறகு குரலை உயர்த்தி, "விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்தாள்! அல்லேலூயா!" என்றார். அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. பூ இல்லை, பொட்டு இல்லை, தாலி இல்லை, பச்சை இல்லை. ஒரு குறையும் இல்லாத பெண்ணைக் கரையேற்றி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. செல்லம்மாளுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேருமாக அவளைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் அழுத்தினார்கள். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் அவள் நேராக அடிவரைக்கும் போனாள்.

மேலே தூக்கியபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி இருமினாள். இருமலுக்கு நடுவில், "இல்லன்னேனே" என்றாள். கரையில் பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. செல்லம்மாள் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடினாள். பாஸ்டர் மங்கையின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொல்லிக் கூப்பிட்டார்.